துப்பாக்கி இல்லாதவன் அடைத்த தோட்டா

நான் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர். மருந்து கலக்கி, புட்டியில் ஊற்றி, வேளைக்கு ஒரு கோடாகக் காகிதச் சீட்டு வெட்டி ஒட்டிக் கொடுப்பது என் உத்தியோகம். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் நாலைந்து ஊருக்குப் பொதுவாக இருந்த சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில், யுத்தத்துக்கு முந்திய சில வருஷங்களும் யுத்தத்தின் முதல் பாதியும் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் முட்டைகூட வாங்கியதில்லை. காக்கையைக் கல்லால் விரட்டினால்கூடப் பாவம் என்று வளர்ந்தவன். துப்பாக்கி என்னிடம் கிடையாது. இன்றுவரை ஒன்றைச் சுட்டதும் கிடையாது. இவ்வளவும் இருக்க, அந்த ஊரில் இருந்த ஞாயிற்றுக்கிழமைகளில் முக்கால்வாசியைத் தோட்டா அடைப்பதில் கழித்தேன்.

அதை ஆரம்பித்து வைத்தது ஒரு தோள்பட்டை. பக்கத்து ஊர் மணியக்காரர் ஒருநாள் காலையில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். சட்டையைக் கழற்றினால் உள்ளங்கை அகலத்துக்குக் கத்தரிக்காய் நிறத்தில் கன்றிப் போயிருந்தது. மாடு முட்டியதா என்று கேட்டேன். துப்பாக்கி உதைத்தது என்றார். கடலைக்காட்டில் பன்றி இறங்குகிறது. அதற்காக லைசென்சு வாங்கி ஒற்றைக் குழல் துப்பாக்கி வைத்திருக்கிறார். சுட்ட தோட்டாவில் தாமே மறுபடி மருந்து அடைத்துக்கொள்கிறார். எவ்வளவு மருந்து போட்டீர்கள் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்து, "ஒரு மதிப்பாப் போடறதுதானுங்க" என்றார்.

எனக்கு அந்த வார்த்தை பொறுக்கவில்லை. மதிப்பாக மருந்து போடுவது என்பதை எங்கள் தொழிலில் கேட்கவே கூடாது. தைலம் தடவிக்கொண்டே அவருக்கு ஒரு பிரசங்கம் செய்தேன். மருந்து எதுவானாலும் நிறுத்துத்தான் போடவேண்டும், கண்ணால் பார்த்துப் போடுகிறவன் ஒருநாள் ஆளைக் கொல்வான் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, மருந்து மேஜைமேல் இருந்த சின்னத் தராசைப் பார்த்தார். அதிலே வெடிமருந்தும் நிறுக்கலாமா என்று கேட்டார். நிறுக்கலாம் என்றேன். நாங்கள் பொடிமருந்து நிறுக்கிற அதே கிரெயின் கணக்குத்தான் அதற்கும் என்று மறுநாள் அவர் கொண்டுவந்து காட்டிய டப்பாவின் சீட்டில் போட்டிருந்தது. அந்த டப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தது தப்பு என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். வெடிமருந்தும் கேப்பும் லைசென்சுக்காரர் வீட்டை விட்டு நகரக் கூடாது. ஆகையால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தராசு அவர் வீட்டுக்குப் போயிற்று. தராசு தனியாகப் போக முடியாதே என்று நானும் போனேன்.

தோட்டா என்பது வாங்கிச் சுட்டு எறிந்துவிடுகிற பண்டம் என்றே அதுவரை நினைத்திருந்தேன். அப்படியல்ல. சுட்ட பிறகும் பித்தளைக் கூடு முழுசாக நிற்கிறது. அடியில் பொட்டுப்போல் பதிந்து, அடிபட்டதும் பொறி விட்டு மருந்தைப் பற்றவைக்கிற கேப்பில் பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதைப் பொருத்தலாம். அப்புறம் மருந்து, அதன்மேல் கம்பளி வட்டம், அதன்மேல் ஈய ரவை, வாயை மூட ஓர் அட்டை வட்டம். அவ்வளவுதான். முதல் ஞாயிறு பத்துத் தோட்டா அடைத்தோம். பத்தையும் மேஜையில் நிற்கவைத்துப் பார்த்தேன். எல்லாம் ஒரே உயரம், ஒரே கனம். ஆஸ்பத்திரியில் நாளைக்கு அறுபது புட்டி கலக்குகிறேன். ஒரு புட்டியாவது பார்ப்பதற்கு இப்படி இருந்ததில்லை. புட்டி போகும், குடித்தவர் பிழைத்தால் டாக்டர் பேர், பிழைக்காவிட்டால் என் பேர். இந்தப் பத்தும் பளபளவென்று நின்றுகொண்டு, நீதான் செய்தாய் என்றன.

வீட்டுக்கு வரும்போதே அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருக்கிறதே என்று தோன்றியது.

மணியக்காரர் அதுவரை வருஷத்துக்கு இருபது முப்பது தோட்டா செலவழித்தால் அதிகம். பன்றி வந்தால் சுடுவார், பெரும்பாலும் படாது, சத்தத்துக்கு அது ஓடிவிடும், இருவருக்கும் திருப்தி. நான் போக ஆரம்பித்த பிறகு அந்த ஏற்பாடு கெட்டது. கூடு காலியானால்தானே மறுபடி அடைக்கலாம்? ஞாயிறு நான் போகும்போது பத்தில் ஏழு அப்படியே இருந்தால் எனக்கு முகம் வாடிவிடும். ஏன் சுடவில்லை என்று கேட்பேன். பன்றி வரவில்லை என்பார். கவுதாரி இல்லையா என்பேன். கவுதாரி சுட வரப்புவழியாக நாலு மைல் நடக்கவேண்டும், யார் நடப்பது என்பார். பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பழைய செய்தித்தாளை விரித்து, கிணற்றுமேட்டுப் பனைமரத்தில் கட்டி, நாற்பது தப்படி தள்ளி நின்று அவர் சுடுவார். நான் காகிதத்தைக் கழற்றி வந்து எத்தனை ரவை பட்டிருக்கிறது, எப்படிப் பரவியிருக்கிறது என்று எண்ணிக் குறித்துக்கொள்வேன். கம்பளி வட்டத்தை இன்னும் கொஞ்சம் இறுக்கினால் என்ன ஆகிறது, ரவையைச் சன்னமாக்கினால் என்ன ஆகிறது என்று பார்க்க ஒவ்வொன்றுக்கும் நாலு நாலு சுட்டாகவேண்டும். அவருக்குத் தோள் வலிக்கும். எனக்கு வலிக்காது.

ஒருநாள் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு அவர் மெதுவாகக் கேட்டார்: "ஏனுங்க கம்பவுண்டரய்யா, பண்டியச் சுடறதுக்குத் தோட்டா அடைக்கறமுங்களா, நீங்க அடைக்கறதுக்காவ நான் சுட்டுக்கிட்டே இருக்கறனுங்களா?"

இரண்டும் ஒன்றுதானே என்றேன். அவர் சிரித்தார். ஆனால் நான் அதை வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

அட்டை வட்டம் வெட்டுவதற்கு ஒரு வட்ட உளி உண்டு. அட்டைமேல் வைத்துச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் நாணயம்போல் வட்டம் விழும். அட்டை எங்கே கிடைக்கும்? மணியக்காரர் வீட்டில் வந்திருந்த கல்யாணப் பத்திரிகைகள் ஒரு மாதத்தில் தீர்ந்தன. என் வீட்டுக் காலண்டர் அட்டை அடுத்தது. அப்புறம் எனக்கு ஆஸ்பத்திரி அலமாரி ஞாபகம் வந்தது. பழைய நோயாளிகளின் சீட்டுகளைக் கட்டி வைத்திருந்த அட்டைகள் நல்ல கனம். செத்துப்போனவர்கள், ஊரைவிட்டுப் போனவர்கள் கட்டுகளாகப் பார்த்துத்தான் எடுத்தேன். ஆனால் டாக்டர் ஒருநாள் ஏதோ பழைய கட்டைத் தேடினார். எடுத்துப் பார்த்தால் அட்டை முழுக்க வட்ட வட்டமாக ஓட்டை. எலி இப்படி அளவெடுத்துக் கடிக்குமா என்று என்னிடம் கேட்டார். இந்தப் பக்கத்து எலிகளைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது என்றேன். இந்த உத்தியோகத்தில் நான் சொன்ன பொய்களில் அது மோசமானதல்ல. ஆனால் ஒரு பொழுதுபோக்குக்காகச் சொன்ன முதல் பொய் அதுதான்.

வீட்டில் நிலைமை வேறு. சட்டையில் கந்தக நாற்றம் அடிக்கிறது, பீடி பிடிக்கிறீர்களா என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றேன். பிறகு உண்மையைச் சொன்னேன். இந்த வீட்டில் ஒருநாளாவது ரசத்துக்கு உப்புப் போதுமா என்று பார்த்தவரில்லை நீங்கள், அங்கே போய்ப் பன்றிக்கு மருந்து நிறுக்கிறீர்களா என்றாள். கொல்வது மணியக்காரர், நான் அளவு மட்டும்தான் என்று விளக்கினேன். இந்த விளக்கம் எனக்கே அப்போது மிகவும் நியாயமாகப் பட்டது.

அது எவ்வளவு நியாயம் என்பது ஒரு தை மாதம் தெரிந்தது. மணியக்காரர் காலையிலேயே ஆளைவிட்டு என்னை அழைத்தார். போனேன். கயிற்றுக்கட்டிலில் சாக்கு விரித்து அதன்மேல் ஒரு கவுதாரியை வைத்திருந்தார். நமது புது அளவில் சுட்டது, பாருங்கள் என்றார். நான் உட்கார்ந்து இறகை ஒதுக்கினேன். எத்தனை ரவை, எங்கே எங்கே பட்டிருக்கிறது என்று எண்ணினேன். ஆறு. பரவல் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். சொல்லிவிட்டுக் கையைப் பார்த்தேன். அந்த விரலால்தான் முந்தின நாள் ஒரு குழந்தையின் கால் காயத்துக்குக் கட்டுப் போட்டேன். பறவையின் உடம்பில் சூடு இன்னும் போகவில்லை. கிணற்றில் கை கழுவிக்கொண்டு, இனி வரவேண்டாம் என்று நினைத்தபடியே வீட்டுக்கு வந்தேன். அந்த வாரம் முழுக்க அந்த நினைப்பு உறுதியாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரைகூட இருந்தது.

மணியக்காரரின் மனைவியைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். அதிகம் பேசாத அம்மாள். நாங்கள் உட்காரும் இடம் அவர் வைத்த சட்டம். சமையலறைக்கு நேர் எதிர்க்கோடியில், மாட்டுக் கொட்டகையை ஒட்டி, காலியாகக் கிடந்த விதைக்கடலை அறை. அங்கே விளக்கு, பீடி, நெருப்புப் பெட்டி எதுவும் வரக் கூடாது. அறை வாசலில் நின்று எங்கள் தராசையும் கரண்டிகளையும் புனலையும் பார்ப்பார். ஒருமுறை மட்டும், "இந்தப் பக்குவம் அடுப்புல பாத்தா ஊட்டுக்கு ஒரு பிரயோசனம் உண்டுங்க" என்றார். மோரை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மூன்றாம் வருஷம் ஒரு டிப்டி கலெக்டர் அந்தப் பக்கம் முகாம் வந்தார். அவருக்குக் கவுதாரி வேட்டையில் பிரியம். மணியக்காரர் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் கம்பவுண்டர் அடைக்கிற தோட்டா சீமைத் தோட்டாவைத் தோற்கடிக்கும் என்று சொல்லிவிட்டார். அதிகாரி அப்படியானால் இருபத்தைந்து வேண்டும் என்றார்.

அந்த இருபத்தைந்துக்கு நான் பட்டபாடு என் கல்யாணத்துக்குக்கூடப் பட்டதில்லை. பித்தளைக் கூடுகளைப் புளிபோட்டுத் தேய்த்து, காயவைத்து, கண்ணாடியாக்கினேன். வாயை மூடும் அட்டைமேல் ஒட்டச் சிவப்புக் காகிதத்தில் வட்டம் வெட்டினேன். அதற்கு ஒரு அவசியமும் இல்லை, அழகுக்காகத்தான். பதினேழு முடிந்ததும் எழுந்து வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பி, வரிசை எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். நன்றாகத் தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்து பதினெட்டாவதை எடுத்தேன்.

மறுநாள் காலை வேட்டைக்கு என்னையும் அழைத்தார்கள். முதன்முதலாக நான் அடைத்தது வேட்டையில் வேலை செய்வதைக் கிட்டே நின்று பார்க்கப் போகிறேன் என்று லீவு போட்டுவிட்டுப் போனேன். கடலை பிடுங்கின காடு. அதிகாரி முன்னே, மணியக்காரர் அவருக்கு இடப்பக்கம், நான் முப்பது தப்படி பின்னால். முதல் இரண்டு தோட்டாவும் கணீரென்று போயின. ஒரு பறவை விழுந்தது. அதிகாரி திரும்பி என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு போதும் என்று இருந்தது எனக்கு.

மூன்றாவது தோட்டாவைப் போட்டு விசையை இழுத்ததும் வெடிச் சத்தமே இல்லை. டொப் என்று ஈரத்துணியை உதறினமாதிரி ஒன்று. ஆட்கள் சிரித்தார்கள். தோட்டா நமுத்துவிட்டது என்று யாரோ சொன்னார். அதிகாரி துப்பாக்கியை மடக்கிக் காலிக் கூட்டை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தார்.

நமுத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அந்த மருந்தை நான் அவ்வளவு பத்திரமாக வைத்திருந்தேன். அப்படியானால் உள்ளே மருந்தே இல்லை. கேப்பு மட்டும் வெடித்திருக்கிறது. அந்தச் சின்ன வெடி கம்பளி வட்டத்தையும் ரவையையும் வெளியே தள்ளாது. குழலுக்குள் பாதிவழியில் செருகி விட்டிருக்கும். அதன்மேல் நல்ல தோட்டா ஒன்றைச் சுட்டால் குழல் அவர் கையிலேயே பிளக்கும். இதெல்லாம் யோசித்ததாக ஞாபகமில்லை. கடலைக்காட்டில் செருப்பை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. சுடாதீர்கள் என்று கத்தினேன் என்று பிற்பாடு மணியக்காரர் சொன்னார். அதிகாரியின் துப்பாக்கியை, ஒரு டிப்டி கலெக்டரின் துப்பாக்கியை, குழலோடு பிடித்துக் கீழே அமுக்கினேன்.

அவர் கோபப்படவில்லை. தோட்டாவை எடுத்துவிட்டுக் குழலை வானத்துக்கு நேரே பிடித்து உள்ளே பார்த்தார். மறுபக்கம் வெளிச்சம் தெரியவில்லை. ஒரு ஆள் கொண்டுவந்த நீளக் குச்சியால் குத்தியதும் கம்பளி வட்டமும் ரவையும், பிறகு என் சிவப்புக் காகித வட்டமும், சுருங்காமல் கசங்காமல் மண்ணில் விழுந்தன. மருந்து ஒரு பொடிகூட இல்லை. பதினெட்டாவது தோட்டாவாகத்தான் இருக்கவேண்டும். வரிசையின் அழகைப் பார்க்க எழுந்து போனவன், திரும்பி வந்து மருந்து போட்டாயிற்று என்று நினைத்து மேலே அடைத்துவிட்டேன்.

அதிகாரி துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டே என்னைக் கேட்டார்: "ஆஸ்பத்திரியிலும் இப்படித்தானா?"

அவ்வளவுதான் கேட்டார். வேறு தண்டனை கொடுக்கவில்லை. தம் பெட்டியிலிருந்த சீமைத் தோட்டாவைப் போட்டுக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். நான் செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதன் பிறகு ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் ஒவ்வொரு புட்டியையும் இரண்டுமுறை பார்த்துக் கொடுத்தேன். வரிசை நீண்டது. நோயாளிகள் முணுமுணுத்தார்கள். டாக்டர் எனக்குக் கண் மங்குகிறதா என்று விசாரித்தார். என் கையால் ஒருவர் முகம் சிதறியிருக்கும் என்பதை எப்படிச் சொல்வது? மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தராசை இனி அங்கே கொண்டுபோக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். கொண்டுபோகமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

அந்தச் சத்தியத்தை நான் மீறவில்லை. மணியக்காரர் சேலத்திலிருந்து புதுத் தராசு ஒன்று வாங்கி வைத்துவிட்டார்.

நடந்தது இதுதான். ஒரு மாதம் கழித்து அவர் ஆஸ்பத்திரிக்கு வந்து, ஆள் இல்லாத நேரம் பார்த்து, அதிகாரி சுடாமல் விட்டுப்போன இருபத்திரண்டு தோட்டாவும் வீட்டில் இருக்கின்றன, அதை என்ன செய்வது என்று கேட்டார். சுடவும் பயம், எறியவும் பயம். நியாயமான கேள்வி. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்துவிடுவதுதான் முறை என்றேன். பிரிப்பது பொழுதுபோக்கு அல்ல, கடமை. அந்த ஞாயிறு போய் உட்கார்ந்து இருபத்திரண்டையும் பிரித்தோம். எல்லாவற்றிலும் மருந்து இருந்தது. அளவு ஒரு மயிரிழை பிசகவில்லை. பார்க்கப் பார்க்க எனக்குத் துக்கம் கொஞ்சம் குறைந்தது. மேஜைமேல் ஒருபக்கம் மருந்து, ஒருபக்கம் ரவை, கம்பளி வட்டங்கள், இருபத்திரண்டு காலிக் கூடு. நாங்கள் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

"பிரிச்சத இப்படியே போட்டுட்டு எந்திரிக்கறதுங்களா?" என்றார் அவர்.

நான் எழுந்திருக்கவில்லை.

அப்போதுதான் அந்த அம்மாள் உள்ளே வந்தார். அத்தனை வருஷத்தில் அறைக்குள் வந்தது அதுவே முதல். கோலம் போடுகிற வெள்ளைக்கல்லால் ஒரு மூங்கில் குச்சியில் கோடு கிழித்துக் கொண்டுவந்திருந்தார். இனி மருந்து போட்ட ஒவ்வொரு கூட்டிலும் தாம் அந்தக் குச்சியை விட்டுப் பார்ப்பதாகவும், கோடு சரியான இடத்தில் நின்றால்தான் கம்பளி வட்டம் உள்ளே போகும் என்றும் சொன்னார். நாங்கள் இருவரும் சம்மதித்தோம். சம்மதிக்காமல் என்ன செய்வது? முதல் வாரம் குச்சி விட்டுப் பார்த்ததோடு சரி. இரண்டாம் வாரம் உட்கார்ந்து பார்த்தார். மாதம் இரண்டு ஆவதற்குள் தட்டு நடுங்காமல் மருந்து நிறுக்க என்னைவிட அவருக்கு நன்றாக வந்துவிட்டது. நான் தாமதமாகப் போனால் எட்டுப் பத்து முடிந்திருக்கும். மோர் கொண்டுவர ஆள் இல்லாமல் போயிற்று. மணியக்காரர் தாமே போய் எங்களுக்குக் கொண்டுவந்தார்.

யுத்தம் வந்ததும் முதலில் சீமைத் தோட்டா மறைந்தது. அப்போது எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்கூட ஏற்பட்டது. அடுத்து மருந்துக்குக் கட்டுப்பாடு வந்தது. கடைசியில் கேப்பு. கேப்பை யாரும் வீட்டில் செய்ய முடியாது. பெட்டியில் இருந்த கடைசிக் கேப்பை அந்த அம்மாள்தான் பொருத்தினார். அதற்கு அடுத்த ஞாயிறும் போனேன். கூடுகளைத் தேய்த்தோம். அதற்கு அடுத்த ஞாயிறும் தேய்த்தோம். பன்றிகளைத் தகரம் தட்டி விரட்டினார்கள். அவை முன்பு போலவே ஓடின.

எனக்கு ஆத்தூருக்கு மாற்றல் வந்தது. போகுமுன் என் மனைவியின் தாய்வீட்டுக்கு, சேலம் அஸ்தம்பட்டிக்கு, ஒரு வாரம் போயிருந்தோம். ஒருநாள் சாயங்காலம் நடந்துவருகிறேன் என்று சொல்லிவிட்டு, கடைத்தெருவில் துப்பாக்கிக் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். கேப்பு இருக்கிறதா என்று கேட்டேன். கடைக்காரர் தலை நிமிர்ந்து, லைசென்சைக் காட்டுங்கள் என்றார். லைசென்சு இல்லை என்றேன். என்ன துப்பாக்கி என்றார். துப்பாக்கியும் இல்லை என்றேன். அப்புறம் கேப்பு எதற்கு என்று அவர் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். வெளியே, என் பின்னாலேயே வந்திருந்த என் மனைவி எங்கள் குழந்தையோடு நின்று கடையின் பெயர்ப்பலகையைப் படித்துக்கொண்டிருந்தாள்.